விழுமியம்: சொல்லும் பொருளும்

பணியாளர் பயிற்சிக்கான ஆங்கிலக் கையேடு ஒன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்க்கும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. ஒருவர் வாழ்வில் மேலானவையாகப் பற்றி நிற்பவற்றைக் குறிக்க மூலத்தில் ‘கோர் வேல்யூஸ்’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘மைய மதிப்புகள்’ என்று போட்டிருந்தார்கள். ‘உங்கள் ஐந்து மைய மதிப்புகளை எழுதுக’ என்று கேட்டு, கீழே ஐந்து கோடுகளும் இட்டிருந்தார்கள். முன்னோட்டமாக அதை நிரப்பித் தந்த ஒருவர், வீடு, நிலம், நகை, காப்பீடு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகையைக் குறித்து, ஐந்தாவது கோட்டில் தம் இருசக்கர வண்டியையும் சேர்த்திருந்தார். அவர்மேல் பிழையே இல்லை. மதிப்பு என்று கேட்டால் தமிழன் தொகையைத்தான் சொல்வான்.

ஆங்கிலத்தின் ‘வேல்யூ’வும் அப்படிப் பிறந்த சொல்தான். ‘வலிமையாயிருத்தல்’, ‘ஈடாதல்’ என்னும் பொருளுடைய ‘வலேரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நெடுங்காலம் விலையையும் பெறுமானத்தையும் குறித்துவிட்டு, பின்னர்தான் ஒருவர் வாழ்க்கையில் எதை மேலானதாகக் கருதுகிறார் என்ற பொருளுக்கு நகர்ந்தது. ஆங்கிலத்தில் இரு பொருளும் ஒரே சொல்லில் தங்கிவிட்டன. தமிழில் அந்த நகர்வு நடக்கவில்லை. தமிழ்நாட்டின் ‘மதிப்புக் கூட்டு வரி’யும் இலங்கையின் ‘பெறுமதி சேர் வரி’யும் ஒரே வரியின் இரு பெயர்கள், மதிப்பும் பெறுமதியும் இன்றும் கல்லாப்பெட்டிக்கு அருகிலேயே நிற்கின்றன என்பதற்கு இவையே சான்று.

மாற்றாக வேறு சில சொற்களும் வழங்குகின்றன. ‘மதிப்பீடு’ என்பதைத் திறனாய்வாளர்கள் சிலர் இப்பொருளில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது அளவிடும் செயலின் பெயர், அளவிடப்படும் பொருளின் பெயரன்று. ‘கொள்கை’ நல்ல பழஞ்சொல், ஒருவர் பற்றிக்கொண்டது என்பதே அதன் பொருள். எனினும் கட்சிகளும் அரசாங்கங்களும் அதை எடுத்துக்கொண்டு வெகுநாளாயிற்று. ‘அறம்’ மிகப் பெரிய சொல். அது எல்லார்க்கும் பொது. ஒருவர் ஓய்வை உயர்வாகவும் இன்னொருவர் சாதனையை உயர்வாகவும் கொள்ளலாம். அவற்றை இரண்டு அறங்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எஞ்சுவது ‘விழுமியம்’. இலங்கைப் பள்ளிகளிலும் அங்குள்ள கல்வி எழுத்துகளிலும் ‘விழுமியக் கல்வி’ என்பது இயல்பான வழக்கு; தமிழ்நாட்டில் ஆய்வேடுகளில் நன்கு வழங்கினாலும் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. இன்றைய பொருளில் இது நவீனகாலத்து ஆக்கம் என்றாலும், இதன் அடியாகிய ‘விழு’ மிகப் பழையது. விழுமிய, விழுமியோர், விழுப்பம், விழுப்பொருள் ஆகியன எல்லாம் அந்த அடியிலிருந்து கிளைத்தவை. சோழன் நலங்கிள்ளியைப் பாடும் புறநானூற்று 27ஆம் பாட்டில் உயர்ந்த குடி ‘விழுத்திணை’ எனப்படுகிறது. வள்ளுவர் இதே அடியை மூன்று இடங்களில் நமக்கு வேண்டியபடியே ஆள்கிறார். ‘ஒழுக்கம் விழுப்பந் தரலான்’ என்னும் 131ஆம் குறளில் அது மேன்மை. ‘கேடில் விழுச்செல்வம் கல்வி’ என்னும் 400ஆம் குறளில், தொகையால் அளக்கும் செல்வத்தை ஒருபுறம் தள்ளி, ‘மாடல்ல மற்றை யவை’, அதாவது மற்றவை செல்வமே அல்ல, என்று தீர்த்துவிடுகிறார். கையேட்டை நிரப்பியவரின் ஐந்து வரிகளுக்கும் இது நேரான விடை.

மூன்றாவது இடம்தான் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. ‘எழுமை எழுபிறப்பும் உள்ளுவர் தங்கண் விழுமந் துடைத்தவர் நட்பு’ என்னும் 107ஆம் குறளில் ‘விழுமம்’ என்பது துன்பம். மேன்மையைச் சொல்லும் சொல் துன்பத்தையும் சொல்வது எப்படி? தொல்காப்பிய உரியியல் இதை முன்பே பதிவு செய்து வைத்திருக்கிறது: விழுமம் என்னும் உரிச்சொல்லுக்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை என மூன்று பொருள் உண்டு. இவை ஒரே வேரில் முளைத்தவையா, ஒலியொப்புமையால் ஓரிடத்தில் சேர்ந்தவையா என்னும் வழக்குக்குள் நான் நுழையவில்லை. தமிழ்ப் புழக்கத்தில் அவை ஒன்றாகவே வாழ்ந்தன என்பது போதும். அப்படி வாழ்ந்ததற்கு ‘விழுப்புண்’ என்ற சொல் சாட்சி. போரில் முதுகில் படாமல் மார்பிலும் முகத்திலும் படும் காயத்துக்கு அந்தப் பெயர். 776ஆம் குறளின் வீரன், விழுப்புண் படாத நாள்களையெல்லாம் வீணான நாள்களின் கணக்கில் எடுத்து வைக்கிறான். புண்ணும் சிறப்பும் ஒரே உடம்பில், ஒரே இடத்தில்.

இக்காலத்தில் விழுமியங்களை ஆராய்ந்த உளவியலாளர்களும், ஒன்றை மேலாகக் கொண்டால் இன்னொன்றை இழக்க நேரும் என்னும் இந்த எண்ணத்துக்கு வேறு வழியில் அருகே வந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மில்டன் ரோக்கீச் 1973இல் வெளியிட்ட ஆய்வில் 36 விழுமியங்களை எடுத்து, அடைய விரும்பும் நிலைகள் 18, நடந்துகொள்ளும் முறைகள் 18 என இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டியலையும் முதலிலிருந்து கடைசி வரை வரிசைப்படுத்தச் சொன்னார். இரண்டுக்கு ஒரே இடம் கொடுக்க முடியாது. நேர்மை பிடிக்குமா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. நேர்மைக்கு மேலே எதை வைக்கிறீர்கள் என்று கேட்டால்தான் பேனா தயங்கும். ஷாலோம் ஸ்வார்ட்ஸ் 1992இல் பத்து அடிப்படை விழுமிய வகைகளை ஒரு வட்டமாக அமைத்தார். அடுத்தடுத்து இருப்பவை ஒத்துப்போகும். எதிரெதிரே இருப்பவை மோதும். சாதனையும் அதிகாரமும் இருக்கும் பக்கத்துக்கு நேரெதிரே பிறர்நலம் நிற்கிறது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மில்லரும் உடனிருந்தோரும் 2001இல் உருவாக்கிய சீட்டுக்கட்டில் 83 சீட்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு விழுமியம். முக்கியமில்லை, முக்கியம், மிக முக்கியம் என்று பிரித்து அடுக்கிக்கொண்டே போகவேண்டும்.

வங்கியில் எழுத்தராக இருக்கும் நண்பர் ஒருவர் என் மேசையில் அப்படியொரு கட்டைப் பிரித்தார். ‘சாதனை’ முதலில் வந்தது, ‘அறிவு’ இரண்டாவது, குடும்பம் ஏழிலோ எட்டிலோ இருந்தது. ஆனால் அதே மனிதர், அதிகாரியானால் வெளிமாநிலத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்பதற்காகப் பதவி உயர்வு வேண்டாமென்று இருமுறை எழுதிக் கொடுத்தவர். அவர் வேலை கற்றுக்கொடுத்த பையன் இப்போது அவருக்கு மேலாளர். விடுப்புக் கடிதத்தில் அவனிடம்தான் கையொப்பம் வாங்கவேண்டும். பக்கவாதம் வந்த தந்தையை மாலை ஆறு மணிக்குத் தோளைப் பிடித்துத் தெருமுனை வரை நடத்திக்கொண்டு போய்த் திரும்புவதற்காக அவர் வாங்கிக்கொண்ட புண் அது. சீட்டுகளை அடுக்கியபோது அவர் சொன்னது விருப்பம். எழுதிக் கொடுத்த இரண்டு தாள்கள் சொன்னது விழுமியம். இதை நான் சொன்னபோது அவர் சீட்டுகளை மாற்றி அடுக்கவில்லை. ‘அப்படியானால் மூன்றாம் முறை கேட்டால் யோசிக்க வேண்டியதில்லை’ என்று மட்டும் சொன்னார். விழுமியத்தைக் கொண்டு முடிவெடுப்பது என்பது பெரும்பாலும் இவ்வளவே: ஒருமுறை பட்டு அறிந்ததை அடுத்தமுறை முதலிலேயே மேசைமேல் வைப்பது.

இனி ‘கோர்’. பழத்தின் நடுப்பகுதியைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ‘மையம்’ என்பது வட்டம் வரையும் மாணவனின் சொல். தமிழில் மரத்தின் உள்வலிமைக்குக் ‘காழ்’ என்று பெயர். அகக்காழ் உடையவை மரம், புறக்காழ் உடையவை புல் என்று தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. தச்சர்கள் இன்று அதையே வைரம் என்பார்கள், ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்பார்கள். ‘அகக்காழ் விழுமியம்’ என்று எழுத ஆசைதான், ஆனால் படிப்பவர் ஓடிவிடுவார். ‘அடிப்படை விழுமியம்’ என்பதை ஸ்வார்ட்ஸ் பேசும் பொதுவான பத்துக்கு விட்டுவிடுவது நல்லது. தனிமனிதர் முடிவெடுக்கையில் பலவற்றுள் முந்தி நிற்பதைச் சொல்லவேண்டியிருப்பதால், ‘தலையாய விழுமியம்’ என்பதே பொருந்தும் என்பது என் முடிவு. இரண்டு மோதும் இடத்தில் ‘விழுமிய முரண்’ என்று எழுதலாம். நிறுவனங்கள் வரவேற்பறைச் சுவரில் மாட்டிவைக்கும் ஐந்து சொற்களுக்குக் ‘கொள்கை’யே போதும்.

கையேட்டின் அந்தப் பக்கத்தை இப்படித் திருத்திக் கொடுத்தேன்: ‘உங்கள் தலையாய விழுமியங்கள் எவை? ஒவ்வொன்றுக்காகவும் நீங்கள் விட்டுக்கொடுத்தது எது என்பதை எதிரே எழுதுக.’ இரண்டாம் முன்னோட்டத்தில் வந்த தாள்களில் யாரும் மூன்று வரிக்கு மேல் நிரப்பியிருக்கவில்லை. அச்சுக்குப் போகும்போது ஐந்து கோடுகளை மூன்றாகக் குறைத்துவிட்டோம்.