மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்

ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி வாங்கிய வீடுகளில் ஆறு மாதத்தில் ஒரே கதைதான். ஓட்டுகிறவர் "வண்டி அருமை" என்பார். மூன்றாம் வரிசையில் வந்த மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார், இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். எங்கள் வட்டத்தில் ஒரே மாடல் வைத்திருக்கும் சிலர் ஒரு கடையில் விசாரித்தோம். "பத்து வண்டிக்கு ஆர்டர் சேருங்க, ஸ்பிரிங்கும் ஷாக்கும் செட்டா வரவழைச்சுத் தர்றோம்" என்றார்கள். ஆள் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. என்ன வேண்டும் என்று கேட்டால், ஒருவருக்குக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி சாயக்கூடாது. இன்னொருவருக்கு வேகத்தடையில் அடி தட்டக்கூடாது. மற்றவருக்கு மெத்தை மாதிரி போக வேண்டும். மூன்றும் ஒரே பெட்டியில் வராது.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். எடையில் அது எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்பதை வைத்தே வண்டி எந்தத் தாளத்தில் ஆடும் என்று கணக்குப் போட்டுவிடலாம். சக்கரத்தில் அளந்து 25 செ.மீ. அமுக்கம் என்றால் நொடிக்கு ஓர் ஆட்டம், 11 செ.மீ. என்றால் ஒன்றரை. நடந்து பழகிய உடம்புக்கு இந்தத் தாளம் தொந்தரவில்லை. நொடிக்கு 4 முதல் 8 வரை போனால்தான் வயிறும் முதுகும் முரண்டு பிடிக்கும்.

ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 13 மி.மீ. கம்பிக்குப் பதில் 14 மி.மீ. போட்டால், மற்ற அளவு மாறாவிட்டாலும், விறைப்பு சுமார் 34 சதவீதம் ஏறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். சுருள்களுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரும் செய்வது இதைத்தான்: ஒரு சுருளின் அசைவைக் குறைத்து மீதிச் சுருள்களிடம் முழு வேலையையும் வாங்குகிறது. விலை குறைவு, மாட்ட அரை மணி நேரம். அதனால்தான் அத்தனை பேர் வாங்குகிறார்கள்.

இடிப்பது ஷாக்கின் பக்கம். அமுங்கிய ஸ்பிரிங் வாங்கியதைத் திருப்பித் தராமல் விடாது. அந்த ஆற்றலை, எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி வெப்பமாக்கித் தீர்ப்பது ஷாக் அப்சார்பர். கம்பெனி ஷாக் கம்பெனி ஸ்பிரிங்குக்கு அளந்து வைத்தது. ஸ்பிரிங்கை மட்டும் 34 சதவீதம் விறைப்பாக்கினால் ஷாக்கின் பிடி ஏறத்தாழ 14 சதவீதம் தளர்ந்துவிடும். வேகத்தடையைத் தாண்டியும் வண்டி இன்னொரு முறை குதிக்கும். "போன வாரம்தான் மாத்தினேன், இன்னும் தூக்கிப் போடுது" என்று புலம்புவது பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான்.

வளைவில் சாய்வது வேறு சங்கதி. அதற்கு இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி இருக்கிறது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் அது சும்மா திரும்பிக் கொடுக்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால்தான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். கொல்லிமலைக்காரருக்குத் தேவை கொஞ்சம் தடித்த கம்பி, புது ஸ்பிரிங் இல்லை. விலையாக, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது வண்டி இடமும் வலமுமாகத் தலையாட்டும்.

மாமியார் விஷயத்துக்கு ஏறக்குறைய 90 வருடம் முன்னாலேயே விடை இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் காடிலாக் கார் கம்பெனியில் வேலை பார்த்த பொறியாளர் மோரிஸ் ஆலி, ஏழு பேர் அமரும் ஒரு லிமோசினில் முன்னும் பின்னும் எடைகளை மாற்றி மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மென்மையாக இருந்தால் பயணம் சீராகிறது என்று கண்டார். காரணம் எளிது. 60 கி.மீ. வேகத்தில் முன் சக்கரம் மேட்டில் ஏறி 0.16 நொடி கழித்துத்தான் பின் சக்கரம் ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும். முன்னால் மட்டும் விறைப்பைக் கூட்டினால் வண்டி ஏற்றம் இறைப்பது போல மாறி மாறி ஆடும், பின் சீட்டில் இருப்பவர் அதன் நுனியில் இருப்பார்.

வண்டியை உயர்த்த ஸ்பிரிங்கோடு ஸ்பேசர் என்ற தடித்த வளையம் வைப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அச்சு முனை ஜாயின்ட் கூடுதல் கோணத்தில் சுழன்று தேயும், சக்கரம் கீழே இறங்க இடம் குறையும் என்று மட்டும் சொல்வேன். வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும் காப்பீட்டுத் தாளையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

ஆர்டர் கொடுக்கும் முன் கடைக்காரர் ஒரு வேலை சொன்னார்: எடை மேடைக்குப் போய் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஓர் எடை, பின் சக்கரத்தை மட்டும் ஏற்றி ஓர் எடை. முதலில் காலியாக, பிறகு குடும்பத்தோடும் பெட்டியோடும். இரண்டாம் முறை வந்த எடைச் சீட்டைப் பார்த்தேன். கூடிய எடை பெரும்பாலும் பின் அச்சில்தான் இருந்தது. டிக்கியில் அச்சுக்குப் பின்னால் அடுக்கிய பெட்டிகள் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கியே விட்டிருந்தன. அதுவரை முன்பக்கத்துக்கும் புது ஸ்பிரிங் வேண்டும் என்று நின்றவன் நான்தான்.