ஈரத்தில் காயும் பூச்சு

மழைக்காலத்தில் கதவுக்கு வார்னிஷ் அடித்தவர்களுக்குத் தெரியும், நாலு நாளானாலும் கை வைத்தால் பிசுபிசுக்கும். ஜப்பானியர்கள் பூ வேலைப்பாடு செய்த பெட்டிகளுக்குப் பூசும் உருஷி இதற்கு நேர் எதிர். பூசிய பெட்டியை, ஈரப்பதம் 70 முதல் 85 சதவீதம் இருக்கும் மர அலமாரிக்குள் வைத்து மூடினால்தான் இறுகும். வறண்ட காற்றில் வைத்தால் காயாமலே கிடக்கும்.

உருஷி நம் ஊர் அரக்கு இல்லை. அரக்கு பூச்சி தருவது. இது மரத்தின் பால். பட்டையைக் கீறிச் சொட்டுச் சொட்டாக எடுத்தால், ஒரு பருவம் முழுக்க ஒரு மரத்திலிருந்து சுமார் 200 கிராம் கிடைக்கும். அதில் பெரும்பகுதி உருஷியால் என்ற எண்ணெய்ப் பொருள். கூடவே தண்ணீர், பிசின், கொஞ்சம் லாக்கேஸ் என்ற நொதி. இந்த நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு உருஷியால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. அது வேலை செய்ய ஈரமும் மிதமான சூடும் வேண்டும். அதாவது, பூச்சு காய்வதில்லை, வலைபோலப் பின்னிக்கொள்கிறது. பின்னி முடித்தால் லேசில் அசையாது. வியன்னா கண்காட்சிக்குப் போய்த் திரும்பிய பொருள்களோடு நைல் என்ற கப்பல் 1874இல் ஜப்பான் கரையருகே மூழ்கியது. ஓராண்டுக்கு மேல் கடலடியில் கிடந்த உருஷிப் பொருள்கள் பெரிய சேதமில்லாமல் வெளியே வந்தன.

இறுகும் முன் தொட்டால்தான் வம்பு. உருஷி மரம் மாமரத்தின் குடும்பம்; சலவைக்காரர்கள் துணியில் குறி போட்ட சேங்கொட்டைக்கும் சொந்தம். மாங்காய்ப்பால் பட்டு வாயோரம் புண்ணானவர்கள், அதைப் பல மடங்காக நினைத்துக்கொள்ளலாம். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்குக் கை, முகமெல்லாம் தடித்துப் போகும்.

சரி, அந்தப் பூக்கள் ஏன் பெரும்பாலும் பொன்னிறத்திலேயே இருக்கின்றன? ஆடம்பரம் பாதிக் காரணம்தான். உருஷி தானே பழுப்பு நிறம். வெள்ளையைக் கலந்தால் பால் விட்ட காப்பி மாதிரி ஆகிவிடும். இரும்பு சேர்த்தால் நல்ல கறுப்பு வரும், சாதிலிங்கம் சேர்த்தால் சிவப்பு. பழைய கைவினைஞர்களுக்கு இவற்றைத் தாண்டி மஞ்சள், பச்சை, பழுப்புதான். வெள்ளைச் செவ்வந்திக்கு வழியே இல்லை.

அதனால் பூவைத் தூவினார்கள். இந்த வேலைப்பாட்டின் பெயர் மகியே; அந்தச் சொல்லுக்கே ‘தூவிய படம்’ என்றுதான் பொருள். மெல்லிய தூரிகையால் இதழின் கோட்டை உருஷியிலேயே வரைகிறார்கள். பிறகு, நுனியில் பட்டுத்துணி கட்டிய சிறு குழாயில் பொன் துகளைப் போட்டு விரலால் தட்டித் தட்டி விடுகிறார்கள். சீக்கிரம் தூவினால் பொன் உள்ளே அமிழ்ந்துவிடும், தாமதித்தால் ஒட்டாது. மெதுவாக இறுகும் உருஷிதான் அந்த அவகாசத்தைத் தருகிறது. மகியேயில் ஒரு வகை உண்டு: தூவிய பூவை மறுபடி கறுப்பு உருஷியால் முழுக்க மூடிவிட்டு, கரித்துண்டால் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க இதழ் இதழாகப் பூ மேலே வரும். எனக்குப் பிடித்தது இந்த வகைதான்.

வெள்ளைக்குச் சிப்பி இருக்கிறது. ஜப்பானிய ஓவியர் ஓகதா கோரின் (1658–1716) செய்த எழுதுபொருள் பெட்டி டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் ஐரிஸ் செடிகளின் இலைகள் பொன், பூக்கள் சிப்பி, நடுவே போகும் பலகைப் பாலம் ஈயம்.

கடலடியில் பிழைத்த பூச்சுக்கு ஜன்னலோர வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேற்பரப்பு மங்கும், நுண்ணிய விரிசல் விடும், பொன் உதிரும். அருங்காட்சியகங்களில் இந்தப் பெட்டிகளை மங்கிய விளக்கில் வைத்திருப்பது அதனால்தான். சரியாகத் தெரியவில்லையே என்று காவலரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.