மெட்டு ஏறும் கேம்பர் வேனுக்கு எந்த எஞ்சின்?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் வண்டி ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம் ஏறுகிறது. கட்டில், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, அடுப்பு, ஆட்கள் எல்லாம் சேர்த்து கேம்பர் வேன் 3 டன் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு எடையை அந்த உயரத்துக்குத் தூக்கவே, கரண்ட் பில் கணக்கில் சொன்னால், 8 யூனிட்டுக்குச் சற்று அதிகமான ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரம்வரை வந்து சேரும். ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டுமே இரண்டரை லிட்டர் போய்விடும். எந்த நல்ல டீசல் எஞ்சினாக இருந்தாலும் இதில் பெரிய வித்தியாசம் வராது. அந்த வேலையை எந்த கியரில், எவ்வளவு சூட்டோடு முடிக்கிறது என்பதில்தான் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபாடு.

வேன் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது குதிரைத்திறனை. 8 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டர் ஓடினால் 8 மீட்டர் உயரும் சாலையில், 3 டன் வண்டி மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏற எஞ்சினிலிருந்து சுமார் 36 குதிரைத்திறன் வந்தால் போதும். இன்றைய எந்த வேனிலும் அதற்கு மேலேயே இருக்கிறது. பிறகு ஏன் கொண்டை ஊசி வளைவில் வண்டி திணறுகிறது?

வளைவின் உள்பக்கம் சாலை சட்டென்று செங்குத்தாகிறது. 15 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் வண்டியைத் தள்ள சுமார் 4,800 நியூட்டன் விசை வேண்டும். டயரின் ஆரம் 34 சென்டிமீட்டர் என்றால் சக்கரத்தில் 1,620 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை, வேண்டும். இரண்டாம் கியரும், அச்சிலுள்ள கடைசிப் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனும் சேர்ந்து எஞ்சின் டார்க்கை 8.8 மடங்காக்குகின்றன, வழியில் 10 சதவீதம் உராய்வில் போகிறது என்றால், எஞ்சின் 205 நியூட்டன் மீட்டர் கொடுத்தாக வேண்டும். அதுவும் வளைவில் வேகம் விழுந்து எஞ்சின் 1500 ஆர்.பி.எம்.முக்கு (நிமிடத்துக்கு 1500 சுற்று) இறங்கியிருக்கும் நேரத்தில்.

பி.எஸ்.6 (புகை வெளியீட்டு விதி) டாடா விங்கரின் 2.2 லிட்டர் டீசல் எஞ்சின் தருவது 200 நியூட்டன் மீட்டர். ஃபோர்ஸ் டிராவலரின் 2.6 லிட்டர் எஞ்சின் 1400 முதல் 2200 ஆர்.பி.எம். வரை 350 தருகிறது. குதிரைத்திறனில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை, 100க்கும் 115க்கும் உள்ள தூரம்தான். ஆனால் மேலே போட்ட கணக்குப்படி முதலாவது அந்த வளைவில் முதல் கியருக்கு இறங்கியே தீர வேண்டும். இரண்டாவது இரண்டாம் கியரிலேயே மூச்சு வாங்காமல் ஏறிவிடும். அதனால் விவரத்தாளில் அதிகபட்ச டார்க் எவ்வளவு என்பதோடு, அது எந்த ஆர்.பி.எம்.மில் தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். 1500க்கு மேல்தான் தொடங்கும் என்றால், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ விழித்துக்கொள்வதற்குள் வண்டி நின்றுவிடும். ஓட்டுநர் கிளட்ச் பெடலைப் பாதி அழுத்தி ஹாஃப் கிளட்சில் பிடிப்பார், கிளட்ச் தட்டு கருகும்.

கியரின் பலம் தெரிய வேண்டுமானால், கம்பம், போடி பக்கமிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகும் பழைய ஜீப்புகளைக் கவனியுங்கள். அவற்றின் குதிரைத்திறன் இன்றைய சின்னக் கார்களைவிடக் குறைவு. தாழ்ந்த கியர்தான் அவற்றை மேலே கொண்டுபோகிறது.

பழைய ஆம்னியைக் கேம்பராக்குகிறவர்களும் உண்டு. அதன் 796 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் டர்போ கிடையாது. 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 14 சதவீதம் குறைவு. எஞ்சினின் பலமும் ஏறக்குறைய அதே அளவு இறங்கும். இரண்டு பேர், ஒரு மெத்தை, ஒரு அடுப்போடு நிறுத்திக்கொண்டால் மூணாறு போகலாம். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்பது 100 கிலோ. அதை ஆம்னியில் ஏற்றக் கூடாது.

எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதும் முக்கியம். ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாயும். விங்கர் முன்சக்கர இழுவை. தண்ணீரையும் பேட்டரியையும் பின்னால் வைத்தால், ஆனி ஆடிச் சாரலில் நனைந்த வளைவில் முன்சக்கரம் வழுக்கும். கனமானதை முன் அச்சுக்குப் பக்கத்தில் வையுங்கள். பின்சக்கர இழுவையுள்ள டிராவலருக்கு இந்தத் தொல்லை குறைவு.

சூடு அடுத்த பிரச்சினை. மெதுவாக ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது. ரேடியேட்டர் விசிறியை மட்டுமே நம்பியிருக்கிறது. பழைய வண்டி என்றால், விசிறியை எஞ்சினோடு இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங் சூட்டில் இறுகிச் சுற்றுகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடியையும் அலட்சியம் செய்ய வேண்டாம். 1500 மீட்டரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் கொதிநிலை 115 டிகிரியைத் தாண்டும். ரப்பர் வாஷர் தேய்ந்த மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காது. போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்பு படியும். கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். சூட்டு முள் ஏறினால் முதலில் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஏறி முடித்ததும் ஓரிரு நிமிடம் எஞ்சினை ஐடிலில் விட்டு அணைத்தால் டர்போ பேரிங்கில் எண்ணெய் கருகாது.

ஏறும்போது சேர்த்த 8 யூனிட்டும் இறங்கும்போது வெப்பமாக வெளியேற வேண்டும். நியூட்ரலில் இறக்கினால் ஏறக்குறைய எல்லாமே பிரேக்கில்தான் இறங்கும். டாட் 3 தரப் பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். குழாயில் ஆவி புகுந்து பெடல் அடிவரை போய்விடும். வண்டிக்கு ஏற்ற டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று டிரைவர்கள் சொல்வது சரியான விதி. பெட்ரோல் எஞ்சின் அளவுக்கு டீசல் எஞ்சின் தானாக வண்டியைப் பிடிக்காது. புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள மாடல் கிடைத்தால் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும்.

மலிவான வேன் வாங்கி வேறு எஞ்சின் மாற்றிப் போடும் யோசனை வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. எஞ்சின் எண் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருக்கிறது. சோதனைச் சாவடியிலும் கேட்பார்கள், காப்பீட்டு நிறுவனமும் கேட்கும்.

பழைய வேன் பார்க்கப் போனால், எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை விட்டுவிட்டுக் குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு கேம்பரில் ஏற்றப்போகும் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, எடைமேடையில் மொத்த எடை ஆர்.சி.யில் உள்ள அளவைத் தாண்டவில்லை என்று பார்த்துவிட்டு, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிவரை ஏற்றிப் பாருங்கள். வளைவில் ஒருமுறை நிறுத்தி, கைப்பிரேக்கில் பிடித்து மறுபடி எடுங்கள். கிளட்ச் வாடை வராமல், சூட்டு முள் பாதியைத் தாண்டாமல் குமுளி சேர்ந்தால் அந்த வேனுக்கு விலை பேசலாம்.