நான்காக மடித்த ஓ.பி. சீட்டு

மனநலப் பிரிவுக்கு வரும் கல்லூரி மாணவர்களில் பலர் முதலில் சொல்வது தலைவலி, வயிற்று எரிச்சல், தூக்கமின்மை. கொஞ்சம் பேசவிட்டால்தான் அரியர், ஹாஸ்டல் தனிமை, வீட்டுக் கடன் எல்லாம் வரும். ஒரு பொறியியல் மாணவர், மனநலப் பிரிவு என்ற பெயர் வெளியே தெரியாதபடி ஓ.பி. சீட்டை நான்காக மடித்துக் கைக்குள் வைத்திருந்தார். "காலேஜுக்குத் தெரிஞ்சா பிளேஸ்மென்ட்ல பிரச்சினை வருமா சார்?" என்றுதான் முதலில் கேட்டார்.

மருத்துவமனையிலிருந்து கல்லூரிக்கு எந்தத் தகவலும் போகாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்த ரகசியத்தை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. 18 வயது நிரம்பியவர் பெற்றோர் கையெழுத்து இல்லாமலே சிகிச்சைக்கு வரலாம். உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சட்டம் அனுமதிக்கும் சில சூழல்களில் மட்டுமே மற்றவரிடம் சொல்வோம்.

இந்தப் பயத்தால் பலர் மாதக்கணக்கில் தாங்களே சமாளிக்கப் பார்க்கிறார்கள். ஊக்கமூட்டும் வீடியோக்கள் பார்த்து, நாளையிலிருந்து நாலு மணிக்கு எழுந்து எட்டு மணி நேரம் படிப்பது என்று முடிவெடுப்பார்கள். மூன்றாம் நாள் முடியாமல் போகும். அப்புறம் "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் இன்னும் இறுகிவிடும். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான்.

சுய உதவி பலன் தரும், சிறிதாகத் தொடங்கினால். மனச்சோர்வில் ஆர்வம் வரட்டும் என்று காத்திருந்தால் வராது. செய்யச் செய்யத்தான் திரும்பும். அந்த மாணவரிடம் சொன்னது இவ்வளவுதான்: எப்போது தூங்கினாலும் காலை ஏழு மணிக்கு எழுந்துவிடுங்கள். குளித்துவிட்டு, டிபனை அறைக்கு வாங்கி வராமல் மெஸ்ஸிலேயே சாப்பிடுங்கள். ஒரு யூனிட்டின் இரண்டு மார்க் கேள்விகளை இருபது நிமிடம் மட்டும் பாருங்கள்.

ஆனால் இரண்டு வாரமாக நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருக்கிறது, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, வகுப்புக்கே போக முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு மாத்திரை பலன் தர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள். பலருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தேவைப்படுவதில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

சாகலாம் போலிருக்கிறது என்று நண்பர் சொன்னால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். தனியே விடாமல் நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டி வாருங்கள். நடு இரவானாலும் சரி.