மலையேறும் பிக்கப்பின் சிக்னல் விளக்கு: பிளாஷரை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

கம்பம், கூடலூர் சுற்றுவட்டாரத்தில் காய்கறியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஏறும் பிக்கப் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பின்பக்கச் சிக்னல் சரியில்லை என்று பட்டறைக்கு வரும் வண்டிகள் பலவற்றில், அதற்கு முன்பே பிளாஷர், அதாவது சிக்னலை விட்டுவிட்டு மின்ன வைக்கும் ரிலே, மாற்றப்பட்டிருக்கும். பழுது மட்டும் அப்படியே இருக்கும். கொண்டை ஊசி வளைவில் பின்னால் வரும் பேருந்துக்கு நம் வண்டி எந்தப் பக்கம் ஒதுங்கப் போகிறது என்று சொல்ல அந்த ஒரு விளக்கைத் தவிர வேறு வழியில்லை என்பதால், இந்தப் பழுதை அரைகுறையாக விட்டுவிடக் கூடாது.

சிக்னல் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மின்ன வேண்டும் என்பது விதி. ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக மின்னினால், அந்தப் பக்கத்தில் போகும் மின்னோட்டம் குறைந்துவிட்டது என்பதைப் பிளாஷரே தெரிவிக்கிறது என்று பொருள். 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஒன்று ஏறக்குறைய 1.75 ஆம்பியர் எடுக்கும். பல்பு பியூஸ் போனாலும், ஹோல்டர் துருப்பிடித்தாலும், எர்த் (பல்பிலிருந்து சேசிஸ் என்னும் வண்டியின் அடிச்சட்டம் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்கு மின்சாரம் திரும்பும் பாதை) விட்டுப்போனாலும் அந்த அளவு குறையும். ஆகவே வேகமாக மின்னும்போது பிளாஷர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதைக் கழற்றி எறிவது வீண் செலவு.

எர்த் பழுதை அதன் விசித்திரமான நடத்தையை வைத்தே கண்டுகொள்ளலாம். சிக்னல் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மங்கலாக மின்னும். பிரேக்கை மிதித்தால் சிக்னல் பல்பு லேசாக எரியும். பின் விளக்குக் கூட்டுக்குள் இருக்கும் பல்புகள் அனைத்துக்கும் பொதுவாக ஒரே எர்த் ஒயர் இருப்பதால், அது அறுந்ததும் மின்சாரம் பக்கத்துப் பல்பின் இழை வழியாகப் புகுந்து, அந்தப் பக்கத்து ஒயரில் பின்னோக்கி ஓடி, வேறொரு விளக்கின் எர்த்தைத் தேடிப் போகிறது. இதைப் பார்த்து ஒயர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது என்று நினைத்து, முழு ஒயரிங்கையும் பிரித்துப் போடுவோர் உண்டு. அதற்குத் தேவையே இல்லை.

நம் பகுதியில் இந்தப் பழுது அடிக்கடி வருவதற்குச் சுமையே ஒரு காரணம். கேரளத்திலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டியில் ஐஸ் உருகிய உப்புநீர் தளத்தின் இடுக்கு வழியாகச் சேசிஸில் ஓடும் ஒயரின் மீதும், பின் விளக்குக் கப்ளரின் (ஒயர்களை இணைக்கும் பிளக்) மீதும் சொட்டிக்கொண்டே வருகிறது. பொட்டாஷ் உர மூட்டை ஏற்றும் வண்டியிலும், சிந்திய உரம் மழையில் கரைந்து இதே வேலையைச் செய்கிறது. வெளியே இன்சுலேஷன் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாகியிருக்கும்.

மல்டிமீட்டரை நம்புவதிலும் கவனம் வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால், ஒரே ஒரு செம்பு இழை மிஞ்சியிருக்கும் ஒயரும் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அப்போது அதில் மின்னோட்டமே இல்லை. எனவே பல்பைப் பொருத்தி, சிக்னலைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ஹோல்டரின் எர்த் பக்கத்திலும் வைத்து, பல்பு எரியும் நொடியில் அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் தடை இருக்கிறது. அதேபோலப் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து பல்பின் மின் வரத்து முனை வரையிலும் அளந்தால், சுவிட்ச் பக்கத்தில் எவ்வளவு இழக்கிறோம் என்பது தெரிந்துவிடும். பல்புக்குப் போகும் வோல்ட் பத்து விழுக்காடு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதால், இந்தச் சிறிய இழப்பைப் பொருட்படுத்தாமல் விடுவது சரியல்ல.

பழைய எர்த்தைத் தேடி அலைவதைவிட, விளக்கிலிருந்து சேசிஸுக்குப் புதிதாக ஒரு ஒயர் போடுவதே நான் விரும்பும் முறை. பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியும் இடத்தில் லக் (ஒயர் நுனியில் பொருத்தும் உலோக வளையம்) வைத்து இறுக்கிய பிறகுதான் மேலே கிரீஸ் தடவ வேண்டும். இணைப்பை முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தினால் அடுத்த மழைக்காலத்துக்குள் மீண்டும் பச்சை பூக்கும். சால்டர் வைத்து, சுருங்கும் ஸ்லீவ் போடுவது நல்லது.

இரண்டு பக்கமும் மின்னவில்லை, ஆனால் ஹசார்டு (நான்கு சிக்னலும் ஒன்றாக மின்னும் எச்சரிக்கை) எரிகிறது என்றால், இரண்டுக்கும் ஒரே பிளாஷர் உள்ள வண்டியில் பிளாஷர் நன்றாக இருக்கிறது. சிக்னலுக்கான பியூஸையும், ஹசார்டு சுவிட்சின் உள் முனைகளையும், ஸ்டியரிங் அடியிலுள்ள காம்பினேஷன் சுவிட்சையும் (சிக்னல் போடும் கைப்பிடி) பாருங்கள். பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் அதற்குப் பதிலாகக் கம்பியைச் சொருகவே கூடாது. எங்கோ சேசிஸில் உரசும் ஒயர் தீப்பிடிக்க அதுவே போதும். எல்இடி பல்பு குறைந்த மின்னோட்டமே எடுப்பதால், அதைப் போட்டதும் வேகமாக மின்னினால் எல்இடிக்கான பிளாஷரைப் போடுங்கள். மின்னோட்டத்தைக் கூட்டிக் காட்ட அதற்கென விற்கும் ரெசிஸ்டர் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். அதைப் பிளாஸ்டிக் விளக்குக் கூட்டில் கட்டுவது ஆபத்து.

வேலை முடிந்ததும் பார்க்கிங், பிரேக், சிக்னல் மூன்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். தனித்தனியாகப் போட்டுப் பார்க்கும்போது ஒளிந்துகொள்ளும் எர்த் பழுது அப்போதுதான் வெளிப்படும்.