பல்லில்லாத டிஃப்ரன்சியல்

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். துபாயில் வேலை பார்த்த அவருடைய மாமா முப்பது வருடங்களுக்கு முன் வாங்கிவந்த ரிமோட் பந்தயக் கார் பரணிலிருந்து இறங்கியிருக்கிறது. அசோசியேட்டட் நிறுவனத்தின் ஆர்சி10. தங்க நிற அலுமினியச் சட்டம், ‘ஸ்டெல்த்’ என்று பெயரிட்ட கியர்பாக்ஸ். மோட்டார் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. டிஃப்ரன்சியலைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே இருக்கும் சின்ன எஃகுக் குண்டுகளில் மூன்று துருப்பிடித்திருந்தன. அந்த மூன்றை மட்டும் மாற்றி, பைக் பட்டறையில் வாங்கிய கிரீஸை தாராளமாக அப்பி, மூடிவிட்டார். இப்போது கையால் சக்கரத்தைச் சுற்றினால் கொரகொரவென்கிறது, வேகம் கொடுத்தால் வழுக்குகிறது. “கார் ராசியில்லாமல் போச்சு, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடு” என்கிறார்களாம் வீட்டில். தாராளமாகச் சுற்றிப் போடட்டும். சாறு மட்டும் ஸ்டீலில் படவேண்டாம், அந்த அமிலம் ஸ்டீலை அரிக்கும்.

டிஃப்ரன்சியல் எதற்கு என்பது பள்ளியில் படித்ததுதான். திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று தேய்ந்துகொண்டே போகும். 1828இல் பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கூர் நீராவி வண்டிக்காக இதற்கு ஒரு பற்சக்கரத் தீர்வு கண்டார். ராணிப்பேட்டை பக்கம் எந்த லாரிப் பட்டறையிலும் கிரவுனை, அதாவது பின் அச்சின் பெரிய பற்சக்கரத்தை, பிரித்துப் போட்டிருப்பார்கள், அதன் வாரிசை அங்கே பார்க்கலாம்.

இந்தக் காரின் டிஃப்ரன்சியலுக்குள் அந்தப் பற்கள் இல்லை. பிரிட்டனின் செசில் ஷூமேக்கர் 1980 வாக்கில் மாடல் கார்களுக்குக் கொண்டுவந்த ‘பால் டிஃப்’ (ball diff), அதாவது குண்டு டிஃப்ரன்சியல் இது. ஒரு பிளாஸ்டிக் பற்சக்கரம். அதன் பக்கவாட்டில் வட்டமாகத் துளைகள், துளைக்கு ஒன்றாக 3/32 அங்குல, அதாவது ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர் எஃகுக் குண்டுகள். இரண்டு பக்கமும் கடினமாக்கிய எஃகு வளையங்கள். ஒரு வளையம் இடச் சக்கரத்தோடு போகும், மற்றது வலச் சக்கரத்தோடு. நடுவில் ஒரு சின்னத் திருகு எல்லாவற்றையும் ஸ்பிரிங்கோடு சேர்த்து நெருக்கிப் பிடிக்கிறது. பற்சக்கரம் குண்டுகளைத் தள்ள, குண்டுகள் வளையங்களை இழுக்கின்றன. இழுப்பது முழுக்க உராய்வுதான்.

நேராக ஓடும்போது குண்டு தன் துளைக்குள் உருளுவதே இல்லை, எல்லாம் ஒன்றாகச் சுற்றுகின்றன. பற்சக்கரத்தை விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு இடச் சக்கரத்தை முன்னால் உருட்டிப் பாருங்கள். வலச் சக்கரம் அதே அளவு பின்னால் போகும். குண்டின் ஒரு பக்கம் முன்னே போனால் எதிர்ப்பக்கம் பின்னே போய்த்தானே ஆக வேண்டும்? திருப்பத்தில் நடப்பதும் இதேதான். வெளிச்சக்கரம் எவ்வளவு கூடுதலாகச் சுற்றுகிறதோ, அவ்வளவு உள்சக்கரத்தில் குறைகிறது. கியர் வெட்ட வேண்டியதில்லை, உருண்டையாக இருந்தால் போதும். எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

சரி, அந்தக் குண்டு வளையத்தைத் தொடும் இடம் எவ்வளவு பெரியது? எஃகு உருண்டையும் எஃகுத் தட்டும் கொள்கைப்படி ஒரு புள்ளியில்தான் தொட வேண்டும். நிஜத்தில் இரண்டுமே கொஞ்சம் நசுங்கி ஒரு குட்டி வட்டம் உண்டாகிறது. அதன் அளவை 1880களின் தொடக்கத்தில் கணக்கிட்டவர் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ், ரேடியோ அலைகளைக் காட்டிய அதே ஹெர்ட்ஸ். திருகு ஒவ்வொரு குண்டின்மீதும் 2 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது என்று வைத்துக்கொண்டு அவருடைய சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். வட்டத்தின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் சராசரி அழுத்தம், நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல 20,000 மடங்குக்கும் மேல்! இவ்வளவு நெருக்கியும் குண்டு இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 5 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நசுங்குகிறது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வாசகரின் கொரகொரப்புக்குக் காரணம் இந்த 5 மைக்ரானில் இருக்கிறது. பழைய குண்டுகள் பல வருடம் ஓடி 10 மைக்ரான் தேய்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, சாதாரண வெர்னியருக்கே சரியாகத் தெரியாது. ஆனால் புதிதாகப் போட்ட மூன்று குண்டுகள்மேல் வளையம் முக்காலிபோல உட்கார்ந்துவிடும். மற்றவை பேருக்குத்தான் தொடும். சுமையில் பெரும்பகுதி மூன்றின் தலையில் விழுந்து, தொடும் இடத்தின் அழுத்தம் ஒன்றரை மடங்காகிறது. அந்த அளவுக்குப் போனால் பேரிங் எஃகிலும் நிரந்தரமாகப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் குண்டு ஏறி இறங்குவதைத்தான் விரல் கொரகொரப்பாக உணர்கிறது. குண்டுகளை மாற்றினால் மொத்தமாக, ஒரே பாக்கெட்டிலிருந்து மாற்ற வேண்டும்.

வழுக்கலுக்குக் குற்றவாளி வேறு: கிரீஸ். பைக் கிரீஸ் உராய்வைக் குறைக்கவே பிறந்தது, இங்கே வண்டியை ஓட்டுவதே உராய்வு. அதனால்தான் குண்டுகளுக்கு சிலிக்கோன் கிரீஸ். எஃகுக்கும் எஃகுக்கும் இடையே சிலிக்கோன் ஒரு மட்டமான மசகு. நமக்கு வேண்டியதும் அந்த மட்டமான குணம்தான். அதே திருகின் தலைப்பக்கம் அதன் நெருக்கலைத் தாங்கும் குட்டி திரஸ்ட் பேரிங்குக்கோ நேர்மாறாக, மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ் வேண்டும். ஒரு பக்கத்து அச்சு மற்றதற்கு எதிராகச் சுற்றும்போது திருகு கூடவே திரும்பாமல் காப்பது அதுதான். அது சிக்கினால் திருகு தானாகத் தளரும், அல்லது இறுகும். இரண்டு கிரீஸையும் ஒரே விரலால் தொட வேண்டாம்.

வளையங்களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. குண்டு ஓடிய தடம் ஆழமாக இல்லையென்றால் அப்படியே திருப்பிப் போட்டு மறுபக்கத்தைப் பயன்படுத்தலாம். தடத்தை அழிக்க, கண்ணாடித் துண்டின்மேல் 600 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, வளையத்தை ஒரு விரலால் லேசாக அழுத்தி எட்டு போடுவதுபோலத் தேய்க்க வேண்டும். பளபளப்பு போய் சாம்பல் நிறமாக, எல்லா இடமும் ஒரே மங்கலாக வரும்வரை. மங்கலான பரப்புதான் நன்றாகப் பிடிக்கும்.

தேய்ப்பதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பழைய வட ஆற்காட்டின் ஜவ்வாது மலையில், காவலூரில் 1986 முதல் இருக்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடி நம் நாட்டிலேயே தேய்த்து மெருகேற்றப்பட்டது. உராய்வு, தேய்மானம், பரப்பு பற்றிய ஆய்வுக்கு நிதி கேட்டால் கேட்கிறவரைப் பழைய காலத்து ஆள் மாதிரி பார்க்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு என்று தலைப்பு வைத்தால் கோப்பு நகர்கிறது. அந்தக் கணினிகளின் மின்விசிறியும் பேரிங்கில்தான் சுற்றுகிறது என்பது என் வயிற்றெரிச்சல்.

அப்புறம் மாட்டும் வேலை. எல்லாவற்றையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, கொஞ்சமாக கிரீஸ் வைத்து மூடுங்கள். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கெடுக்கலாம். பற்சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு இடச் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். சுலபமாக வழுக்கினால் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். முதலில் ஒரு பக்கச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மிக மெதுவாக ஓடவிட்டு, பக்கம் மாற்றி, குண்டுகள் தடம் பிடித்தபின் திருகை மறுபடி சரிபாருங்கள். மோட்டார் பக்கம் ஸ்லிப்பர் கிளட்ச் என்று ஒன்று இருக்கும், சுமை மிஞ்சினால் வேண்டுமென்றே வழுக்குவது. அது டிஃப்புக்கு முந்தி வழுக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு குதியலிலும் அடி விழுவது வளையத்துக்குத்தான்.

பாலாற்று மணலில் ஓட்டப் போவதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறார். அது வேண்டாம். அந்த மணலில் இருக்கும் குவார்ட்ஸ், பேரிங் எஃகைவிடக் கடினமானது. கெட்டித்த செம்மண் மைதானம் ஏதாவது பார்த்துக்கொள்ளட்டும்.