ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் குறுக்கு பிடித்துக்கொண்டிருக்கிறது

முகம் கழுவக் குனிந்தேன், அவ்வளவுதான், நிமிர முடியவில்லை. மூட்டை எதையும் தூக்கவில்லை, வழுக்கியும் விழவில்லை. வீட்டில் வாய்வுப் பிடிப்பு என்றார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சுளுக்கு எடுப்பவரிடம் போகச் சொன்னார், ஒரு மருத்துவர் மாத்திரை எழுதினார், இன்னொருவர் எம்ஆர்ஐ படத்தைப் பார்த்துவிட்டு “லேசான தேய்மானம்” என்றார். அந்த ஒரு சொல் போதும், அடுத்த ஆறு மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கக்கூட மனசு வராது.

ஆனால் முதுகுவலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தால் என்ன தெரியும்? 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் அப்படி 98 பேரை எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்கில் ஒன்றாவது பிதுங்கியிருந்தது. பின்னாளில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வலியில்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 80 வயதில் 96 சதவீதம். கிட்டத்தட்ட முடி நரைப்பது மாதிரிதான்.

சரி, அப்படியானால் பிடித்துக்கொள்வது எது? நல்ல முதுகு குனியும்போது நடப்பதைப் பார்த்தால் ஓரளவு புரியும். முதுகுத்தண்டின் இருபுறமும் கயிறு மாதிரி ஓடும் தசைகளின் மேல் மின்முனைகளை ஒட்டிவிட்டு ஒருவரைக் குனியச் சொன்னால், உடம்பு கீழே போகப் போகத் தசைகள் இழுத்துப் பிடித்து வேலை செய்வது திரையில் கோடாகத் துடிக்கும்; முழுக்கக் குனிந்ததும் அந்தக் கோடு சட்டென்று அடங்கிவிடும், ஏனென்றால் பாரத்தை எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் வாங்கிக்கொள்கின்றன, தசைக்கு ஓய்வு. முதுகுவலிக்காரர்கள் பலருக்கு இந்தக் கோடு அடங்குவதே இல்லை, ஓய்வெடுக்க வேண்டிய இடத்திலும் தசை விறைத்தபடியே நிற்கிறது. வலியே இல்லாதவர்களின் முதுகுத் தசையில் அடர் உப்புநீரை ஊசியால் செலுத்திச் சில நிமிடங்கள் வலியை உண்டாக்கினாலும் இப்படி ஆகிறது. ஆக, தசை கெட்டுப்போகவில்லை, வலிக்கும் இடத்தை அசையவிடாமல் நரம்பு மண்டலம் காவல் காக்கிறது. படுத்த வாக்கில் எடுத்த படத்தில் இந்தக் காவல் எப்படித் தெரியும்?

இதில் ஒரு கோணல் வேறு: மேலே உள்ள பெரிய தசைகள் இப்படி விறைத்துக் கிடக்க, தண்டை ஒட்டி ஆழத்தில் இருக்கும் மல்டிஃபிடஸ் என்ற சின்னத் தசை சிலருக்கு மெலிந்துபோகிறது. வலி போன பிறகும் அது தானாகத் தேறிவிடும் என்று சொல்ல முடியாது.

இதற்குப் படுக்கையில் கிடப்பது உதவுவதில்லை. 1995-இல் வெளியான ஆய்வில், பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 186 பேரிடம் சோதித்தபோது, இரண்டு நாள் படுத்திருந்தவர்களையும் தனியாக உடற்பயிற்சி செய்தவர்களையும்விட, முடிந்த அளவு வழக்கமான வேலையைப் பார்த்தவர்களே நன்றாகத் தேறினார்கள். பாராசிட்டமாலும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை, 2014-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அதே வேகத்தில்தான் குணமானது. அப்புறம் 2024-இல், அதுவும் ஆஸ்திரேலியாதான், வலியிலிருந்து மீண்ட 701 பேரில் ஒரு பாதிக்கு இயன்முறை மருத்துவர் வழிகாட்டலில் நடைப்பயிற்சி. அவர்களில் பாதிப் பேருக்கு மறுபடி வலி வர 208 நாள் ஆனது, மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது.

எல்லா முதுகும் இப்படித்தான் என்று விட்டுவிடவும் கூடாது. 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதம் தாண்டி, பின்னிரவில் எழுப்பிவிடும் வலி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, நடமாடினால் குறைகிறது, படுத்தால் கூடுகிறது என்றால் அது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், பெயர் கண்டுபிடிக்கவே வருடக்கணக்கில் ஆகும், ஆனால் நல்ல மருந்து இருக்கிறது. மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். ஹாரன் சத்தத்துக்கே முதுகு கட்டை மாதிரி விறைக்கிறதென்றால், மிக அரிதாக, ஸ்டிஃப் பெர்சன் சிண்ட்ரோம்: 1956-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர்கள் முதலில் விவரித்தது, 2022-இல் பாடகி செலின் டியோன் தனக்கு இருப்பதாகச் சொன்னது. நரம்புகளுக்குப் பிரேக் போடும் காபா என்ற வேதிப்பொருளின் வேலை அதில் குலைந்துபோகிறது.

ஆகவே மருத்துவரிடம் போகும்போது படத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், எந்த நேரத்தில் வலிக்கிறது, எதைச் செய்தால் குறைகிறது என்று இரண்டு வாரம் எழுதிய தாளும் கையில் இருக்கட்டும். சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.